குடம் உடைந்த குளம்

வரலாற்று ஆசிரியர்களை வேனில் ஏற்றி ஊர் சுற்றிக் காட்டுவது லேசுப்பட்ட வேலையில்லை. வழியில் ஒரு கல் தட்டுப்பட்டால் போதும், வண்டியை நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். அது மைல்கல்லாகவே இருந்தாலும் ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டுத்தான் திரும்ப ஏறுவார்கள்.

2006 மே மாதம் பெரம்பலூர் மாவட்டத்து ஆசிரியர்கள் இருபத்திரண்டு பேருக்கு ஐந்து நாள் களப்பயிற்சி நடந்தது. நாற்காலியில் உட்கார வைத்து, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்புகிற வழக்கமான பயிற்சி இல்லை இது. இடத்துக்கே போக வேண்டும், பார்க்க வேண்டும், ஊர்க்காரர்களிடம் பேச வேண்டும், எழுத வேண்டும். தங்கல் உடையார்பாளையத்தில். முதல் நாள் கங்கைகொண்ட சோழபுரம். இரண்டாம் நாள் ரஞ்சன்குடிக் கோட்டை. மூன்றாம் நாள் ஏலாக்குறிச்சி மாதா கோயில். நாலாம் நாள் ஏதாவது ஒரு கிராமத்துக்குப் போய், எந்தப் புத்தகத்திலும் இல்லாத சேதி ஒன்றை ஊர்க்காரர் வாயாலேயே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். ஐந்தாம் நாள் அதைப் பற்றி எல்லார் முன்னாலும் பேச வேண்டும். தேறுகிற சேதி மாவட்டப் பள்ளிகளுக்கான கையேட்டில் அச்சாகும்.

பயிற்சியை நடத்தியவர் தர்மராஜ் சார். ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் விரிவுரையாளர். தோளில் ஒரு டேப் ரெக்கார்டர், பையில் பத்துக் கேசட், பேட்டரிக்குத் தனிப் பொட்டலம். மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் கிராமத்தின் பெயரைப் படித்ததும் சிந்தாமணி டீச்சர் எழுந்தே விட்டாள்.

“கருவலங்குறிச்சியா! சார், என் முதல் ஊர் அது. தொண்ணூத்தஞ்சுல அங்கதான் வேலைக்குச் சேந்தேன்.”

சிந்தாமணி இப்போது திருமானூர்ப் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் இருந்தாள். வயது முப்பத்தாறு. கருவலங்குறிச்சி நடுநிலைப் பள்ளியில் இரண்டு வருஷம்தான் வேலை பார்த்தாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. பாடம் நடத்தத் தெரியாமல் நடத்திய ஊர், பிள்ளைகள் அதைப் பொருட்படுத்தாமல் பிரியமாக இருந்த ஊர். யார் யார் இன்னும் இருப்பார்கள் என்று யோசித்தபடியே படுத்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வேன் ஊரின் தெற்குத் தெருவைத் தாண்டி ஒரு குளத்தங்கரையில் நின்றது. சுற்றிலும் முந்திரித் தோப்பு. கரையில் புளியமரம். மரத்தடியில் பாய் விரித்து, பானையில் மோர் வைத்து, தெருக்காரர்கள் காத்திருந்தார்கள். நடுவில் நின்றவள் ஆண்டாயி. பஞ்சாயத்தில் வார்டு மெம்பர். தெற்குத் தெருவிலிருந்து அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆள். ஐம்பதை நெருங்கும் வயது, நிமிர்ந்த நடை, நீலச் சேலை. சிந்தாமணியைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“டீச்சர், நீங்களா! எம் மவன் குழந்தைவேலுக்குப் பாடம் எடுத்தீங்களே, மறந்துட்டீங்களா?”

“மறப்பேனாக்கா? மூணாவது பெஞ்சுத் தூங்குமூஞ்சிதான? இப்ப என்ன பண்றான்?”

“அரியலூர்ல சிமெண்ட் ஆலையில பிட்டரா இருக்கான். ராத்திரி ஷிப்டுலயும் தூங்க மாட்டேங்கறானாம். காலம் மாறிப்போச்சு.”

எல்லாரும் சிரித்தார்கள். தர்மராஜ் சார் டேப் ரெக்கார்டரை ஓட விட்டார். “ராஜா காலத்துக் கதை ஏதாச்சும் உங்க ஊர்ல சொல்லுவாங்களாம்மா?” என்று கேட்டார்.

ஆண்டாயி சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். இந்தக் கேள்விக்கு அவள் பலமுறை பதில் சொல்லியிருக்கிறாள் என்பது உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

“சோழ ராஜா வடக்க போயி கங்கையை ஜெயிச்சுட்டு வராருங்க. குடம் குடமா கங்கைத் தண்ணி வருது. ஏரியில கொண்டாந்து ஊத்தறதுக்கு. அதுல ஒரு குடத்தைத் தூக்கிட்டு வந்தவரு நம்ம தெருவுல பொறந்தவரு. இந்த இடத்துக்கு வரும்போது உச்சிவெயில். சோறு போட்டாங்க. வயிறு முட்டத் தின்னுட்டு, குடத்தைத் தலையில வச்சுக்கிட்டே கண்ணசந்துட்டாரு. குடம் கீழ விழுந்து ஒடஞ்சுபோச்சு.”

சிந்தாமணி எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவை நிறுத்தினாள். எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருந்தது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

“ராஜாவுக்குத் தெரிஞ்சா தலை போயிரும்னு, வேற குடம் எடுத்து, இந்தக் குளத்துத் தண்ணியை மொண்டு தூக்கிட்டுப் போயிட்டாரு. அதனால அந்தப் பெரிய ஏரியில ஊத்துன கங்கையில ஒரு குடம் எங்க தண்ணிங்க. அவரு பேரு குழந்தைவேலன்.”

சிந்தாமணி நோட்டை மூடிவிட்டாள்.

கதை எங்கே கேட்டதென்று இப்போது நன்றாகவே தெரிந்துவிட்டது. கேட்கவே இல்லை, அவள் சொன்னது. தொண்ணூற்றைந்து ஆடி மாதம், ஏழாம் வகுப்பு, சத்துணவு சாப்பிட்டு வந்த பிறகு முதல் பீரியடு. கங்கை கொண்ட பாடம். முப்பது பிள்ளைகளில் இருபது பேர் கிறங்கிக் கிடந்தார்கள், மூன்றாம் பெஞ்சில் குழந்தைவேல் குறட்டையே விட்டான். என்ன செய்வதென்று தெரியாமல் புத்தகத்தை மூடிவிட்டு, “அப்படிக் கங்கைத் தண்ணி தூக்கி வந்தவங்கள்ல ஒருத்தன் நம்ம ஊர்க்காரன், அவன் பேரு குழந்தைவேலன்” என்று ஆரம்பித்தாள். வாயில் வந்தபடி அளந்துவிட்டாள். சாம்பார் சோறு தின்றதையும் சேர்த்தாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது, பையன் திடுக்கிட்டு எழுந்தான், மணி அடித்தது. அதோடு அவள் மறந்தும் போனாள்.

ஆண்டாயி முடிக்கவில்லை. “பின்னால ராஜாவுக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சுங்க. கூப்பிட்டு அனுப்பினாரு. இவரு நடுங்கிக்கிட்டே போறாரு. ராஜா சொன்னாராம், ‘உன் தெருத் தண்ணி எந்தத் தண்ணிக்கும் கொறைச்சல் இல்லடா’ன்னு.”

இது சிந்தாமணி சொல்லாதது. அவள் கதையில் ராஜா திரும்ப வரவே இல்லை. பயத்தோடு பயமாக, இதை யார் சேர்த்தது என்று தெரிந்துகொள்ள அவளுக்கு ஆசையாக இருந்தது.

தர்மராஜ் சார் முகம் மலர்ந்துவிட்டது. “இது எங்கயும் பதிவாகல! தோல்வியடைஞ்ச ராஜாக்கள் சுமந்தாங்கன்னுதான் படிச்சிருக்கோம். சுமந்த சாதாரண ஆளோட கதை இதுதான் முதல்ல!” என்று மூச்சுவிடாமல் பேசினார். அங்கிருந்தே மாவட்டக் கல்வி அதிகாரிக்குப் போன் போட்டார். பேசி முடித்ததும் சிந்தாமணியைப் பார்த்து, “டீச்சர், இந்த ஊரை அறிஞ்சவங்க நீங்கதான். கையேட்டுக்கு நீங்களே எழுதுங்க. நாளைக்கு நீங்களே பேசுங்க” என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வைரக்கண்ணு சார் அவள் காதில், “அதிர்ஷ்டம் டீச்சர் உங்களுக்கு. எங்க எல்லாரையும் ஓரங்கட்டிட்டீங்க” என்றார். குன்னம் பக்கத்து ஆசிரியர், குசும்பு பிடித்த மனிதர். சிந்தாமணி சிரிக்க முயன்று பார்த்தாள், வரவில்லை.

மற்றவர்கள் குளத்தைச் சுற்றிப் பார்க்கப் போனார்கள். அவளும் போனாள். மேற்குக் கரையில் தகரப் பலகை ஒன்று நட்டிருந்தது. ‘குழந்தைவேலன் குடம் உடைந்த குளம், கி.பி. 1023’ என்று மஞ்சள் பெயிண்டில் எழுதியிருந்தது. வருஷத்தை அவள் சொல்லவே இல்லை. அவளுக்குப் பிறகு வந்த ஏதோ ஒரு வாத்தியாரின் கைங்கரியமாகத்தான் இருக்கும், வருஷம் போடாமல் நம்மவர்களால் இருக்க முடியாதே. ஆடிப் பெருக்கன்று இங்கே ஒரு குடம் உடைக்கிறார்களாம், பலகைக்குக் கீழே ஓடுகள் கிடந்தன. ஒரு பொய் பதினோரு வருஷத்தில் இத்தனை சொத்து சேர்த்திருப்பதை அவள் வாயைப் பிளந்து பார்த்தாள்.

சாப்பாட்டுக்கு எல்லாரும் உட்கார்ந்த நேரத்தில் அவள் மட்டும் ஆண்டாயி வீட்டைத் தேடிப் போனாள். ஆண்டாயி வாசலில் வேப்பமர நிழலில் நின்றபடி, வருவாள் என்று எதிர்பார்த்த மாதிரி, “வாங்க டீச்சர், உக்காருங்க” என்றாள்.

“ஆண்டாயிக்கா, ஒண்ணு சொல்லணும். மன்னிச்சுக்கணும். அந்தக் கதை...”

“நீங்க சொன்னது. தெரியும்ங்க.”

சிந்தாமணி அப்படியே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

“அன்னிக்குச் சாயங்காலமே வந்து சொன்னான். ‘எம்மா, டீச்சர் என்னையப் போயி ராஜா காலத்துல கொண்டாந்து விட்டுட்டாங்க’ன்னு. ஒரு வாரம் தெருவே அதைச் சொல்லிச் சிரிச்சுச்சு.”

“அப்புறம் ஏங்க்கா நெசம் மாதிரி...?”

ஆண்டாயி உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். பிறகுதான் சொன்னாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் குளத்தைத் தூர்த்து அங்கே கட்டடம் கட்டுவதாகப் பேச்சு வந்தது. தெருக்காரர்கள் மனு எழுதிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனார்கள். இந்தக் குளம் எங்கள் பெரியவர்கள் வெட்டியது, ஊர்க் குளத்தில் எங்களைத் தண்ணீர் எடுக்க விடாததால் அவர்களே மண்வெட்டியும் கூடையுமாக வெட்டினார்கள் என்று மனுவில் இருந்தது. நாற்காலியில் இருந்தவர் படித்துவிட்டு, “இதுக்கு என்ன ஆதாரம்?” என்று கேட்டார். ஒரு காகிதம் கிடையாது. திரும்பி வந்தார்கள்.

“அப்பத்தான் குழந்தைவேலு சொன்னான், டீச்சர் கதையை எழுதிப் பாப்போம்னு. வெளையாட்டாத்தான் சொன்னான். எழுதிக் குடுத்தோம். மறுவாரமே ரெண்டு பேரு வந்து போட்டோ எடுத்துட்டுப் போனாங்க டீச்சர். ஆதாரம் என்னன்னு ஒருத்தன் கேக்கல. கட்டடமும் வரல.”

“ராஜா மறுபடி கூப்பிட்டுச் சொல்றாரே, அது?”

“அது நான் சேத்தது.” ஆண்டாயி லேசாகச் சிரித்தாள். “ராஜாவாச்சும் அதைச் சொல்லட்டுமேன்னு.”

சிந்தாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. விளையாட்டுக்குச் சொன்ன கதைக்குள் இந்தப் பெண் எவ்வளவு பெரிய வருத்தத்தை ஒளித்து வைத்திருக்கிறாள்! பதினோரு வருஷமாக சோழர், பாண்டியர், பல்லவர் என்று ஒப்பிக்க வைத்தவளுக்கு, தான் பாடம் நடத்திய ஊரிலேயே இருந்த குளத்தை யார் வெட்டினார்கள் என்று கேட்கத் தோன்றவில்லையே. அவமானமாக இருந்தது. அதே நேரம் எல்லாவற்றையும் கேட்டுவிட வேண்டும் என்று மனசு பரபரத்தது.

“எந்த வருஷம் வெட்டினாங்க?”

“வருஷமெல்லாம் யாரு கண்டா? மழையே இல்லாத சித்திரை. எங்க மாமியா குஞ்சம்மாளுக்கு நெறமாசம். கூடை தூக்கிக்கிட்டு இருக்கும்போதே வலி வந்து, கரையிலயே எங்க வூட்டுக்காரரைப் பெத்துடுச்சு.”

“அண்ணனுக்கு வயசென்ன?”

“இந்த எலெக்சன் ஓட்டு லிஸ்டுல அம்பத்திநாலுன்னு போட்டிருக்கான்.”

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு. கணக்கு வந்துவிட்டது. ஊர்ப்பட்ட கோயில்களுக்கு இப்படித்தானே காலம் கணிக்கிறார்கள். ஒரு மனிதனை வைத்துக் குளத்துக்குக் கணித்தால் என்ன?

“வெட்டினவங்கள்ல யாராச்சும் இருக்காங்களா?”

“மூணு பேரு இருக்காங்க. மருதாயி, செல்லப்பன், முருகையன். அப்ப பன்னண்டு பதிமூணு வயசு இருக்கும் அதுங்களுக்கு.”

சிந்தாமணி எழுந்தாள். “அக்கா, நாளைக்கு நான் அந்தக் கதையைச் சொல்ல மாட்டேன். இதைத்தான் சொல்லப் போறேன்.”

ஆண்டாயியின் முகம் சட்டென்று இறுகியது. “சொல்லுங்க. கதை பொய்யின்னு ஆயிடும். நாளைக்கே பொக்லைன் கொண்டாந்து நிறுத்துவான். அப்ப வந்து நீங்க வெட்டித் தருவீங்களா?”

சிந்தாமணி மறுபடியும் கட்டிலில் உட்கார்ந்தாள். தன் மனசாட்சியைச் சுத்தம் செய்துகொள்ள இவர்களுடைய குளத்தைப் பணயம் வைக்க முடியாது. ஆண்டாயிதான் ஒரு வழி சொன்னாள்.

“ஒரு காகிதத்துல எழுதுங்க. எங்காளுங்கதான் வெட்டினாங்கன்னு. வந்திருக்கற வாத்தியாருங்க அத்தனை பேரும் பேரு, ஸ்கூல் பேரு போட்டுக் கையெழுத்து வச்சுக் குடுங்க. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள குடுத்தீங்கன்னா நான் ராஜாவை விட்டுடறேன். ஒரு ஆளு மாட்டேன்னாலும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது. ராஜாவே இருந்துட்டுப் போகட்டும்.”

“நான் பொய் சொன்னேன்னு சொல்லாம எப்படிக்கா அவங்ககிட்ட கையெழுத்துக் கேக்கறது?”

“அது உங்க பாடு டீச்சர்.”

தர்மராஜ் சாரிடம் இன்னும் கொஞ்சம் விவரம் சேகரிக்க வேண்டும் என்று சொல்லி டேப் ரெக்கார்டரை வாங்கினாள். அது பொய்யில்லை. மூன்று வீடுகளுக்கும் போனாள். மருதாயி கூடை தூக்கியவர்கள் பெயரை வீடு வீடாகச் சொன்னாள், சிந்தாமணி பாதியில் குறுக்கிட்டபோது, “இரு தாயி, வரிசை வுட்டுப்போவும்” என்று அதட்டினாள். செல்லப்பன் முதல் ஊற்று எந்த மூலையில் வந்தது என்று குச்சியால் தரையில் கோடு போட்டுக் காட்டினார். முருகையனுக்குக் காது மந்தம். ஆனால் முதல் குடத்துத் தண்ணீரை யார் குடித்தது என்று கேட்டபோது மட்டும் தெளிவாகச் சொன்னார்: பிள்ளை பெற்றவளுக்குத்தான் முதலில் கொடுத்தார்களாம்.

ஐந்தாம் நாள் காலை உடையார்பாளையம் பள்ளிக்கூட ஹாலில் அவள் முறை வந்தது. ஆளுக்கு ஒரு பக்கம் விசிறிக்கொண்டிருந்த இருபத்தொரு பேரையும் பார்த்தாள். முதல் வரிசையில் தர்மராஜ் சார் கையேட்டுக்கான தாளோடு உட்கார்ந்திருந்தார். ஒருவர் மறுத்தாலும் கதை கந்தல், தெற்குத் தெருவுக்குக் குளமும் போகும். பேசாமல் ராஜா கதையையே சொல்லிவிட்டு உட்கார்ந்தால் கைதட்டல், கையேட்டில் பெயர். அரை நிமிஷம் அப்படியும் நினைத்தாள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பிறகு ஆரம்பித்தாள்.

“முதல்ல நான் கேக்கறதுக்கு ஒத்துக்கங்க. இந்த ஹால்ல பேசறது, நீங்க எல்லாரும் சம்மதிக்காம வெளியில போகக் கூடாது.”

வேடிக்கையாகத் தலையாட்டினார்கள்.

“நேத்துக் கேட்ட குழந்தைவேலன் கதை ஆயிரம் வருஷத்துக் கதை இல்ல. தொண்ணூத்தஞ்சு ஆடி மாசம், ஏழாம் வகுப்புல, ஒரு பையனைத் தூக்கத்துலேர்ந்து எழுப்பறதுக்கு நான் அளந்துவிட்ட கதை.”

ஹால் முழுக்கச் சிரிப்பு. “டீச்சரே ஒரு கல்வெட்டு! வாங்க, படி எடுத்துக்குவோம்!” என்றார் வைரக்கண்ணு சார். தர்மராஜ் சார் மட்டும் சிரிக்கவில்லை. அவர் அதிகாரிக்குப் போன் செய்தவர் ஆயிற்றே.

சிந்தாமணி டேப்பை ஓட விட்டாள். மருதாயியின் குரல் பெயர் பெயராகச் சொல்லிக்கொண்டே போனது. சிரிப்பு அடங்கியது. ஊர்க் குளத்தில் ஏன் தண்ணீர் எடுக்க முடியவில்லை என்று செல்லப்பன் சொன்ன இடத்தில் சில பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். டேப் நின்றதும், மனுவைப் பற்றியும் ஆண்டாயி கேட்ட காகிதத்தைப் பற்றியும் சொல்லி, மருதாயி சொன்ன பெயர்களை மேலே எழுதியிருந்த தாளை மேசைமேல் வைத்தாள்.

தர்மராஜ் சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “டீச்சர், உங்க உணர்வு புரியுது. ஆனா வயசானவங்க மூணு பேரு சொல்றதை மட்டும் வச்சு நாம கையெழுத்துப் போட முடியுமா? ஆதாரம்னு ஒண்ணு வேணுமில்ல?”

“சார், நேத்து ராஜா கதையை ஒரே ஒரு அம்மா சொன்னாங்க. நீங்க அதுக்கு ஆதாரம் கேக்கலையே.”

ஹாலில் விசிறிகள் நின்றுவிட்டன. தர்மராஜ் சார் முகம் கறுத்துச் சிவந்தது. கோபப்படப் போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

“ஆமா,” என்றார். “கேக்கல. எனக்குப் பிடிச்ச கதையா இருந்துச்சு, கேக்கத் தோணல. இருபது வருஷமா வாய்மொழி வரலாறு சொல்லிக்குடுக்கறேன். பேனா இருக்கா யார்கிட்டயாச்சும்?”

வைரக்கண்ணு சார் பேனாவை நீட்டிக்கொண்டே எழுந்தார். “எங்க ஊர்க் கோயில்லேர்ந்து ரஞ்சன்குடிக் கோட்டைக்குச் சுரங்கம் இருக்குன்னு பதினஞ்சு வருஷமா பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கிட்டிருக்கேன். யார் சொன்னதுன்னு டேப் ஓடறப்ப யோசிச்சுப் பாத்தேன், ஞாபகம் வரல. இன்னிக்குத்தான் நானே சொன்னதோன்னு சந்தேகம் வருது. எங்க போடணும் கையெழுத்து?”

ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ஓர் ஆசிரியை மட்டும், பிரச்சினை வருமா என்று இரண்டு முறை கேட்டாள். மூன்றாம் முறை கேட்காமல் போட்டுவிட்டாள்.

சாயங்காலம் உடையார்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஆண்டாயி காத்திருந்தாள். சிந்தாமணி தாளைக் கொடுத்ததும், ஓரமாக நின்று ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தாள். கருவலங்குறிச்சி பஸ் வந்தது, கிளம்பியும் போயிற்று. அவள் ஏறவில்லை. கடைசிப் பெயர்வரை வந்து, திரும்பவும் மேலேயிருந்து படித்தாள்.

“உங்க கையெழுத்து இல்லையே டீச்சர்.”

“நான் எப்படிக்கா போடறது? பொய்யைக் கிளப்பிவிட்டவளே நான்தான். என் பேரு இருந்தா மத்தவங்க கையெழுத்துக்கும் மதிப்புப் போயிடும்னு விட்டுட்டேன்.”

ஆண்டாயி தாளை அவளிடமே திருப்பி நீட்டினாள். இடுப்பிலிருந்து ஒரு பேனாவையும் எடுத்துக் கொடுத்தாள்.

“மத்தவங்க போட்டதெல்லாம் ஆபீசுக்கு. உங்களுது எங்க தெருவுக்கு. போடுங்க.”

சிந்தாமணி தாளைப் பஸ் ஸ்டாண்டுத் தூணில் வைத்து, மருதாயி சொன்ன பெயர்களுக்கு நேர் கீழே கிடந்த இடைவெளியில், தன் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.